புத்திமதிக்கு ஒரு மனை

அரியநேரியில் புத்தி சொல்லத் தெரியாதவராக ஒருவரும் பிறந்ததில்லை. பேசத் தொடங்கிய குழந்தை முதல் வேலையாக அடுத்த வீட்டுக் குழந்தைக்குப் புத்தி சொல்லிவிடும், சாகக் கிடப்பவர்கள் ஊசி போட வந்த டாக்டருக்கு எங்கே குத்த வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவார்கள், அப்படிப்பட்ட ஊரில், தேரடித் தெரு முடிகிற இடத்தில், தெருவையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்ற தெருக்குத்து வீட்டில், டைல்ஸ் கடை மாசிலாமணியின் மனைவி வடிவு தன் மகள் இலக்கியாவோடும் மகன் முகிலோடும் குடியிருந்தாள், அதாவது மாசிலாமணியின் கைக்கு எட்டுகிற தூரத்தில் குடியிருந்தாள்.

மாசிலாமணியைப் பற்றி ஊரில் குறை சொல்ல ஆள் கிடையாது. அம்மன் கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டிக்கு அவன்தான் தலைவர், போலீஸ் ஸ்டேஷன் குளியலறையில் தொடங்கி தாசில்தார் வீட்டுப் பூஜையறை வரைக்கும் அவன் சலுகை விலையில் ஒட்டிக் கொடுத்த டைல்ஸ்தான் பளபளத்தது, எதிரில் யார் வந்தாலும் பைக்கை நிறுத்திக் கும்பிடுவான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அந்தச் சிரித்த முகத்தையும் கழற்றி அதே ஸ்டாண்டில் வைத்துவிடுவான். குழம்பில் உப்பு கூடினால் அடிப்பான், குறைந்தால் அடிப்பான், சரியாக இருந்தால் யாரிடம் கேட்டுச் சமைத்தாய் என்று அடிப்பான். வடிவின் இடது காதில் எப்போதும் ஒரு வண்டு ரீங்கரித்துக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம், ஊரில் எல்லாருக்கும் அது தெரியும்.

அந்த வீட்டுக்கு முதல் தடவை அது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். உறைமோர் வாங்க வந்த பக்கத்து வீட்டுக் கனியம்மா மதினி, வடிவின் உதடு வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, மோரை மறந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏ வடிவு, ஆம்பளைன்னா கை நீளத்தான் செய்யும். நாமதான் பொறுத்துப் போவணும். பிள்ளையளப் பாரு, மத்ததெல்லாம் தன்னால சரியாயிரும்."

அவள் சொல்லி வாயை மூடவும், வீடு ஒரு குலுங்கு குலுங்கிப் பின்பக்கமாக ஒரு மனை அகலம் நகர்ந்து நின்றது. அடுப்படியில் டம்ளர்கள் உருண்டன, கட்டிலில் கிடந்த முகில் சிரித்தான், கனியம்மா மட்டும் படியில்லாத வெறுந்தரையில் நின்றுகொண்டிருந்தாள். வீடு விட்டுப் போன இடம் முள்ளில்லாமல், கல்லில்லாமல், நான்கு மூலையிலும் எல்லைக்கல் நட்டுச் சுத்தமாகக் கிடந்தது. கனியம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வீடு தள்ளிப் போயிட்டுல்லா" என்றாள், பிறகு சொல்ல வந்ததில் பாதி மிச்சமிருந்ததால் நடந்து போய்ப் புதிய இடத்தில் இருந்த பழைய படியில் ஏறி மிச்சத்தையும் சொன்னாள், வீடு இன்னொரு தடவை நகர்ந்தது, அவள் உறைமோரை வாங்காமலேயே வீட்டுக்குப் போனாள்.

ஊர் இதற்கெல்லாம் கலங்கிவிடவில்லை. பேரூராட்சியிலிருந்து ஆள் வந்து தண்ணீர்க் குழாயை நீட்டினார், மின்சார வாரியம் ஒரு கம்பத்தைக் கூடுதலாக நட்டது, பால்காரர் மட்டும் கூடுதல் தூரத்துக்காகப் பாலில் கூடுதல் தண்ணீர் ஊற்றினார். தெருக்குத்து வீடென்றால் இப்படி ஏதாவது இருக்கத்தான் செய்யும், கிழக்கு மூலையில் ஒரு பிள்ளையாரை வைத்தால் நின்றுவிடும் என்று ஜோசியர் சொன்னார். பிள்ளையாரை வைத்தார்கள், அடுத்த தடவை வீட்டோடு அவரும் நகர்ந்தார்.

புத்திமதிக்கும் வீடு நகர்வதற்கும் உள்ள சம்பந்தத்தைக் கண்டுபிடித்தவர் நிலத்தரகர் பால்துரை. எந்த வார்த்தைக்கு நகர்கிறது, எதற்கு நகரவில்லை என்று எதிரே குடைக்குக் கீழே உட்கார்ந்து கவனித்தார். பொறுத்துப் போ என்றால் நகர்ந்தது, அனுசரித்துப் போ என்றால் நகர்ந்தது, ஊர் என்ன சொல்லும் என்றால் கொஞ்சம் வேகமாகவே நகர்ந்தது. ஒரு நாள் கீரைக்காரம்மா ஒருத்தி வடிவின் முகத்தைப் பார்த்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இவன விட்டுட்டுப் போயிரு தாயி, எங்க போனாலும் கஞ்சி கெடைக்கும்" என்றாள், வீடு அசையவே இல்லை. தெருவுக்கு ஆகாத பேச்சு என்று பால்துரை அந்த அம்மாவை அதோடு அந்தப் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொண்டார்.

அதன் பிறகு தேரடித் தெருவின் வளர்ச்சியை யாராலும் தடுக்க முடியவில்லை. வாழைப்பழமும் வெற்றிலையும் தட்டில் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து வடிவுக்குப் புத்தி சொன்னார்கள், சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்துத் தங்களுக்கு விழுந்த மனையில் குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொண்டு போனார்கள், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் போனில் வீடியோ போட்டுச் சொன்னார்கள், வயதுக்கு வந்த பெண்ணிருக்கும் வீடுகளில் சீருக்கு ஒரு மனை இருக்கட்டுமே என்று பெண்ணையும் அழைத்து வந்து சொல்ல வைத்தார்கள். சொல்லும்போது வடிவின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. புதிய மனைகளுக்கு முன்னால் ஒரு வளைவு கட்டினார்கள். வடிவு நகர் என்று எழுதலாமா என்று யாரோ கேட்டதற்கு, பொம்பளை பெயரில் தெரு இருந்தால் குடி வருபவர்களுக்கு நல்லதில்லை என்று கமிட்டி முடிவு செய்து, மாசிலாமணி நகர் என்று எழுதியது. மாசிலாமணி பாதி மனைகளுக்குத் தரகில் பங்கு வாங்கினான், வீடு முதலில் நின்ற சொந்த இடத்தையும் ஒரு நல்ல நாளில் மனையாக்கி விற்றுவிட்டான்.

நடுவில் ஒரு சங்கடம் வந்தது. கடையில் டைல்ஸ் பெட்டி விழுந்து மாசிலாமணியின் வலது கை முறிந்துபோனது. கையில் கட்டுப் போட்டதிலிருந்து வீட்டில் சத்தமில்லை, சத்தமில்லாததால் வடிவின் முகத்தில் வீக்கமில்லை, வீக்கமில்லாத முகத்துக்கு என்ன புத்தி சொல்வது என்று தெரியாமல் ஊர் திண்டாடியது. முன்பணம் வாங்கியிருந்த பால்துரைக்குத் தூக்கம் வரவில்லை. எலும்பு முறிவுக்குப் பேர்போன வைத்தியரிடம் அவரே காரில் கூட்டிப் போனார், கனியம்மா முட்டைப்பற்றுப் போட்டு அனுப்பினாள், போகிற வருகிறவர்கள் எல்லாம் "அண்ணாச்சி, கை எப்படி இருக்கு" என்று அத்தனை அக்கறையாக விசாரித்தார்கள். கை நன்றாகக் கூடியது. அந்த வாரமே தெரு மறுபடி நீண்டது.

வடிவு எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன்மேல் அவளுக்கு இருந்தது பயம். கட்டு அவிழ்த்த அன்று கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்து பிரசாதத்தை அவளிடமே கொண்டுவந்து கொடுத்தவர்கள்மேல் வந்தது அருவருப்பு, அது பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

ஆனாலும் அவளைக் கிளப்பியது அது இல்லை. ஒரு சாயங்காலம், அவன் அடித்துவிட்டுக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போன பிறகு, ஐந்தாம் வகுப்புப் படிக்கிற இலக்கியா ஈரத்துணியை மடித்துக் கொண்டுவந்து அம்மாவின் கன்னத்தில் வைத்து, அச்சு அசல் கனியம்மாவின் குரலில், "பொறுத்துப் போம்மா, எல்லாம் சரியாயிரும்" என்றாள். வீடு குலுங்கி நகர்ந்தது. மற்றவர்கள் சொன்னபோது நகர்ந்த அதே தூரம்தான். அந்தப் பிள்ளைக்கு வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது என்று வடிவு பார்த்தாள். இங்கேயே இருந்தால் நாளைக்கு இன்னொரு ஊரில் இன்னொரு வீட்டில் உட்கார்ந்து இவளும் இதையே கேட்டுக்கொண்டிருப்பாள் என்று பட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது.

இலக்கியாவுக்குப் பல் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு மறுநாள் பெரிய ஊருக்குப் பஸ் ஏறி வழக்கறிஞர் ஜெபராணியைப் பார்த்தாள். ஜெபராணி முதல் சந்திப்பிலேயே முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஓடிருவோம்னு நெனைக்காதீங்க. பிள்ளையளத் தூக்கிட்டு ஓடிட்டாள்னு அவரு அதையே பிடிச்சுக்கிட்டு நிப்பாரு, நாளைக்குப் பிள்ளையள அவருட்டயே குடுத்துருவாங்க. கோர்ட்டுல கேட்டுட்டே போவோம். போற எடத்துல பொழைக்க வழி இருக்கா?"

"இருக்கு மேடம். டீச்சருக்குப் படிச்சிருக்கேன், பக்கத்து மாவட்டத்துல சீவலூர் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர் வேலை தாரேன்னு சொல்லுதாங்க. பிள்ளையளும் அங்கயே படிக்கலாம்."

மனு போட்டார்கள். பாதுகாப்பு வேண்டும், பிள்ளைகளோடு சீவலூருக்குப் போக அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். மாசிலாமணி தரப்பு வக்கீல் அதற்குள் ஒரு இடைக்கால உத்தரவு வாங்கிவிட்டார்: வழக்கு முடியும் வரை தாய் தன் பிள்ளைகளை இந்த மாவட்டத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. எல்லாம் பிள்ளைகளின் நலன் கருதித்தான். வழக்கு ஒரு வாய்தாவுக்கு நீதிபதி விடுமுறையாலும், மறு வாய்தாவுக்கு வக்கீல்கள் புறக்கணிப்பாலும், அதற்கடுத்த வாய்தாவுக்குக் காரணமே இல்லாமலும் தள்ளிப்போனது. வாய்தாவுக்குப் போய்விட்டு வந்த நாட்களிலெல்லாம் வீட்டில் அடி கூடியது.

"மேடம், ஒண்ணு கேக்கணும்" என்றாள் வடிவு ஒரு நாள், கோர்ட்டு வராந்தாவில். "எங்க வீட்டுக்குப் பின்னால உடைமரக் காடு. அதுக்கு அந்தப் பக்கம்தான் மாவட்ட எல்லை போர்டு. முன்னால கண்ணுக்கே தெரியாது. இப்ப மாடியில நின்னா எழுத்தே தெரியுது."

ஜெபராணி உத்தரவை எடுத்து இன்னொரு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க கொண்டுபோகக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. எல்லை தாண்டுற நேரம் பிள்ளையளும் நீங்களும் வீட்டுக்குள்ளயே இருங்க, ஒரு அடி எடுத்து வைக்காதீங்க. யாரையும் தள்ளச் சொல்லாதீங்க. ஆனா பெரியவங்கட்ட புத்தி கேக்குறத எந்தச் சட்டமும் தடுக்கல."

அதிலிருந்து வடிவு மாறிப்போனாள். காதைப் பொத்திக்கொண்டிருந்தவள் ரேஷன் கடை வரிசையிலும், கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுப் பந்தியிலும், பள்ளிக்கூட வாசலிலும் தானாகப் போய், "நான் என்ன செய்ய மதினி, வீட்டுக்கு வந்து நீங்களே சொல்லுங்க" என்று முகத்தை நீட்டினாள். கேட்டவர்களுக்கு உச்சி குளிர்ந்துபோனது. இப்போதுதான் பிள்ளைக்கு நல்ல புத்தி வந்திருக்கிறது என்று ஊரே மெச்சியது. ஆனால் வீடு போகப் போக நடை கூடியது, பெரியவர்கள் பாதி வழியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள், ஷேர் ஆட்டோ விட்டுப் பார்த்தும் கூட்டம் குறைந்தது. கொடை நெருங்கும் நேரத்தில் வடிவு கமிட்டிக்குச் சொல்லி அனுப்பினாள்: கொடைக்கு ஊர் முழுக்கக் கூடும், ஆளாளுக்கு இவ்வளவு தூரம் நடந்து வருவது பாவம், மைக்கில் சொன்னால் வீட்டிலிருந்தே கேட்டுக்கொள்வேன். கடைசி வரிசை மனைகளுக்கு ஏற்கெனவே ஆள் பிடித்து வைத்திருந்த பால்துரை தன் செலவிலேயே கோயிலிலிருந்து வடிவின் வாசல் வரை கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினார். எல்லைக்கு அப்பால் விழும் மனை யாருடையது என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

கொடையன்று காலையில் வடிவு பிள்ளைகளைக் குளிப்பாட்டி, இட்லி அவித்துக் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரையும் இரண்டு பக்கத்திலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேளம் ஓய்ந்ததும் குழாய்கள் பேச ஆரம்பித்தன. அன்புத் தங்கை வடிவு அவர்களுக்கு என்று தொடங்கி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் சொன்னார், மாதர் சங்கத் தலைவி சொன்னாள், வார்டு கவுன்சிலர் கட்சி சார்பாகச் சொன்னார், கனியம்மா உறைமோர்க் கதையில் ஆரம்பித்துச் சொன்னாள், பொறுத்துப் போ என்றும் அனுசரித்துப் போ என்றும் அடிக்கிற கைதானே அணைக்கும் என்றும் ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல வீடு உடைமரங்களை விலக்கிக்கொண்டு, பிள்ளையாரையும் கூட்டிக்கொண்டு, கொடியில் காய்ந்த துணிகள் ஆட ஆடப் பின்னோக்கிப் போனது. பிறகு நின்றுவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே, எட்டிப் பிடிக்கிற தூரத்தில், எல்லை போர்டு நின்றது. குழாய்களில் கரகரப்பு மட்டும் கேட்டது. மதியம் ஆகிவிட்டது, கிடா விருந்துக்கு இலை போட்டாகிவிட்டது, புத்தி சொன்னவர்கள் பசியோடு பந்திக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கு விட்டால் சாயங்காலம் அவன் வருவான், வந்தால் என்ன நடக்கும் என்று வடிவுக்குத் தெரியும், அவள் இரண்டு பிள்ளைகளின் கையையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது தலையில் பரிவட்டம் கட்டி முடித்திருந்த மாசிலாமணியிடம் யாரோ மைக்கைக் கொடுத்தார்கள். மைக் கிடைத்தால் அவன் விட்டதாக வரலாறு இல்லை.

"வடிவு, நான் ஒனக்கு என்ன கொறை வச்சேன்? ஒரு நேரம் கோவத்துல கை ஓங்குனா என்ன இப்ப? பொறுத்துப் போறவதான் பொம்பள" என்றான். வீடு எல்லை போர்டைத் தாண்டியது. பந்தியிலிருந்து கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டதும் அவனுக்கு உற்சாகம் பிறந்து, பெண்கள் அனுசரித்துப் போக வேண்டியதன் அவசியத்தைப் பற்றி, இலையில் கறி ஆறிப்போகும் வரை பேசினான், பேசப் பேச வீடு போய்க்கொண்டே இருந்தது, அவன் வணக்கம் சொல்லி முடித்தபோது அது சீவலூர் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், குழாயடிக்கு எதிரில் வந்து நின்றது.

அவன் பைக்கில் தேடிக்கொண்டு வந்து சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. செருப்பைக் கழற்றும் வரைக்கும்கூட அவனுக்குப் பொறுமையில்லை. கதவை ஓங்கி உதைத்துக்கொண்டிருந்தவனை, குழாயடிப் பெண்கள் கொடுத்த தகவலில் வந்த பெண் எஸ்.ஐ. தோளைத் தொட்டுத் திருப்பி, "நீங்க யாரு?" என்று கேட்டார். பிறந்ததிலிருந்து அவனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. டைல்ஸ் கடை என்றான். அந்த ஸ்டேஷனில் சிமெண்டுத் தரை. ராத்திரி முழுக்க அதில் உட்கார வைத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

பிள்ளைகளை மாவட்டம் தாண்டிக் கொண்டுபோய்விட்டாள் என்று அவன் அவமதிப்பு மனு போட்டான். நீதிமன்றம் ஒரு ஆணையரை அனுப்பிப் பார்த்தது. அதே கதவு எண், அதே வீடு, கொடியில் அதே துணி, கொடையன்று மனுதாரரின் மனைவி படியிறங்கவே இல்லை என்று அவர் அறிக்கை கொடுத்தார். அப்படியானால் வீட்டைத் தள்ளியது யார் என்று நீதிபதி கேட்டார். ஜெபராணி, கொடைக் கமிட்டி பெருமையாக எடுத்து வைத்திருந்த விழா வீடியோவையே போட்டுக் காட்டினார். ஊரே வரிசையில் நின்று தள்ளியது, கடைசியாகவும் அதிக தூரமும் தள்ளியவர் மனுதாரர்தான். மனு தள்ளுபடியானது, மற்ற வழக்குகள் சீவலூர் இருக்கும் மாவட்டத்துக்கு மாற்றப்பட்டன, அங்கே இரண்டாம் வாய்தாவிலேயே பிள்ளைகள் தாயிடம் இருக்கலாம், அவன் வீட்டுப் பக்கம் வரக் கூடாது, பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமானால் நீதிமன்ற வளாகத்தில் ஆள் முன்னிலையில் பார்க்கலாம் என்று உத்தரவானது. சட்டம் இங்கேயும் அங்கேயும் ஒன்றுதான். அரியநேரியில் இப்போது மனைக்குத் தட்டுப்பாடு, பால்துரை ஒவ்வொரு தெருவிலும் கடைசி வீட்டு வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்கிறார் என்று சொல்கிறார்கள்.

இந்த வழக்கெல்லாம் முடிவதற்கு முன்பே, வீடு சீவலூருக்கு வந்து நின்ற மறுநாள், எதிர் வீட்டில் பீடி சுற்றும் ரஹ்மத் ஒரு கிண்ணத்தில் இட்லி மாவோடு படியேறி வந்தாள். வந்தவள் வடிவின் நெற்றித் தழும்பைப் பார்த்தாள்.

"வீட்டுக்காரரு?"

"அடிச்சாரு. வந்துட்டேன்" என்றாள் வடிவு. சொல்லிவிட்டுப் பழக்கதோஷத்தில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே இலக்கியா ஓடிப்போய் டம்ளர்களைப் பிடித்துக்கொண்டாள்.

ரஹ்மத் தலையை ஆட்டினாள். "சரி. தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும், வெள்ளனயே பிடிச்சு வச்சுக்கிடணும். ஒனக்கும் சேத்து நாளைக்கு நான் வரிசைல கொடத்தப் போட்டு வைக்கேன்."

வீடு நின்ற இடத்திலேயே நின்றது. வடிவு இன்னும் கொஞ்ச நேரம் நிலையைப் பிடித்தபடி நின்று பார்த்தாள், பிறகு படியில் உட்கார்ந்து, அத்தனை வருஷமும் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். ரஹ்மத் மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.